ஒரு பிடி அரிசி மாவு

அத்தியாயம் பதினான்கு

“அதைச் செய்யிற ஆளையும் அடுத்த வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. நேரில பாராட்ட வேணும்.”

டாக்டர் இராஜசிங்கம் போகிற போக்கில் சொன்ன சொல் இது. யாழ்ப்பாணத்துக்காரரான அவர் யாரையும் லேசில் பாராட்டுகிறவர் அல்லர். சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். இரஞ்சிதத்துக்குத்தான் ஏழு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை.

செய்கிற ஆளாம்! பத்தொன்பது வருஷமாக அந்த மனுஷருக்கு ஆக்கிப் போட்டவள் இவள். எந்த டாக்டரும் இவளைக் கூப்பிட்டுப் பாராட்ட வேண்டும் என்று சொன்னதில்லை. மூன்றே வாரம் அடை தட்டிக் கொடுத்தவளுக்குப் பாராட்டு, அழைப்பு, ரிக்‌ஷா சவாரி. இது எந்த ஊர் நியாயம்?

சிராங்கூன் ரோட்டில் கோதுமை ஆலை வைத்திருக்கும் வேலாயுதத்துக்கு நீரிழிவு என்பதும், வலது கால் விரலில் வந்த புண் நாலு மாதமாக ஆறவில்லை என்பதும் நமக்குத் தெரிந்த கதைதான். சோறு கூடாது, கிழங்கு கூடாது, வெள்ளை ரொட்டி கூடாது, வெல்லத்தின் பக்கமே திரும்பக் கூடாது. மாவுச்சத்து உள்ள எதுவும் விஷம் என்று டாக்டர் பட்டியல் போட்டுவிட்டார். இந்த வியாதிக்காகவே லண்டனிலிருந்து டின்னில் அடைத்து வரும் ரொட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். வேலாயுதம் ஒரு வாய் கடித்துவிட்டு, “இதைத் தின்னு பொழைக்கிறதைவிடச் சாகலாம்” என்று தட்டைத் தள்ளிவிட்டார்.

அப்போது வழி சொன்னவள் கண்மணி. வேலாயுதத்தின் தம்பி முத்துசாமியின் மனைவி. இரஞ்சிதத்துக்கு ஓரகத்தி.

கோதுமை மணியின் ஒரு முனையில் முளை இருக்கிறது. மணி கல்லில் அரைபடும்போது மற்றதெல்லாம் மாவாகிவிடும். முளை மட்டும் அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் நசுங்கித் தட்டையாகி, மஞ்சள் செதிலாகச் சல்லடையில் தங்கிவிடும். தவிட்டோடு சேர்த்து அதை மாட்டுக்குக் கொட்டுவதுதான் ஆலையின் வழக்கம். கண்மணி அதைத் தனியாகப் புடைத்தெடுத்து, லேசாக வறுத்து, ஒரு அடை தட்டிக் கொண்டுவந்தாள். டாக்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாவில் இருப்பதைவிட இதில் மாவுச்சத்து குறைவு, நாளுக்கு ஒரு ஆழாக்குக்கு மேல் போகாமல் கொடுக்கலாம் என்று சம்மதித்தார். இரண்டு நாள் வைத்தால் எண்ணெய் காறிக் கசந்துபோகும் என்பதால் அன்றன்றைக்குச் சலித்ததுதான் ஆகும். ஆகவே அன்றாடம் விடிந்ததும் கண்மணியின் தட்டு இரஞ்சிதத்தின் வாசலுக்கு வந்தது.

பலனும் தெரிந்தது. டாக்டர் வாரம் ஒருமுறை நோயாளியின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, நீல மருந்தோடு சேர்த்து விளக்கில் காய்ச்சிப் பார்ப்பார். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள் என்று மாறிக் கடைசியில் செங்கல் நிறத்துக்குப் போகும். முதலில் செங்கலாக இருந்தது இரண்டே வாரத்தில் பச்சைக்கு வந்திருந்தது. விரலைச் சுற்றியிருந்த வீக்கமும் வடிய ஆரம்பித்தது.

கணவன் பிழைத்து வருகிறானே என்று மகிழ வேண்டிய நேரம். மகிழத்தான் செய்தாள் இரஞ்சிதம். ஆனால் அந்த மகிழ்ச்சிக்குள் ஒரு முள் இருந்தது, அதற்கு அத்தான் என்று பெயர்.

கண்மணி வேலாயுதத்துக்குச் சொந்த அத்தை மகள். பிறந்த நாளிலிருந்தே அவருக்கென்று பேசி வைத்திருந்த முறைப்பெண். அவர் கப்பலேறி வந்து, பினாங்கில் துணிக்கடைக் கணக்கப்பிள்ளை மகள் இரஞ்சிதத்தைப் பார்த்து, சொந்தத்தை விட்டு அசலில் கட்டிக்கொண்டார். விட்டுப்போன பெண்ணைத் தம்பி கட்டினான். கணவனின் அண்ணன் என்றால் மற்ற வீடுகளில் மருமகள் கதவு மறைவில் நின்று பேசுவாள். இவளோ, “அத்தான், கால் எப்படி இருக்கு?” என்று நேராக வந்து நிற்பாள். அத்தான் என்று கூப்பிட இரஞ்சிதத்துக்கு முறை கிடையாது. கட்டியவளுக்கு வெறும் ‘என்னங்க’தான் மிச்சம்.

*

இந்த வியாழக்கிழமை, முதல் டிராம் மணியடித்துக்கொண்டு போவதற்கு முன்பே இரஞ்சிதம் அடுப்பைப் பற்றவைத்தாள்.

முந்தின நாளே முத்துசாமியிடம், “தம்பி, எனக்கும் ஒரு ஆழாக்கு முளை குடுங்க” என்று கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அவன் ஏன், எதற்கு என்று கேட்கிற ஆளில்லை. காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

செய்கிற ஆளைத்தானே டாக்டர் பார்க்க வேண்டும்? பார்க்கட்டும். இன்றைக்குச் செய்கிற ஆள் இரஞ்சிதம். குழாயில் நீலம் நிற்கட்டும், பச்சையாவது நிற்கட்டும். கண்மணியைப் பார்த்து டாக்டர் வாயைத் திறக்கும்போது, “இன்னிக்குச் செஞ்சது நான்தான், டாக்டர்” என்று சொல்லப்போகிறாள். கண்மணியின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். ஏழு நாளாக அந்த முகத்தை மனசில் பார்த்துப் பார்த்து ருசித்துக்கொண்டிருந்தாள்.

வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டாள். தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். கல்லில் தட்டினாள். திருப்பியபோது அடை நாலாக உடைந்தது.

அடுத்ததில் தண்ணீரைக் கூட்டினாள். அது கல்லிலேயே உதிர்ந்துபோனது. மணலைப் பிடித்து அடை தட்டினால் எப்படியோ அப்படி. அவளுடையது மட்டும் எப்படி வட்டமாக, ஓரம் கலையாமல் வருகிறது? என்ன மந்திரம் வைத்திருக்கிறாள்?

மிச்சமிருந்ததோ கொஞ்சம் முளை. கீழ்வானம் வேறு வெளுத்துக்கொண்டு வந்தது.

கைக்கெட்டும் தூரத்தில் பச்சரிசி மாவு டின் இருந்தது. ஒட்டாத எதுவும் அரிசி மாவு போட்டால் ஒட்டும் என்பது நம் சமையற்கட்டில் தவழ்ந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இரஞ்சிதத்தின் கை டின்னுக்குப் போனது, நின்றது, மறுபடியும் போனது. டாக்டர் வேண்டாமென்றது சோற்றைத்தானே? ஒரு பிடி மாவில் மலையா புரண்டுவிடும்? தனக்குத்தானே வக்கீலாகிவிட்டால் எந்த வழக்கிலும் தோல்வி கிடையாது. ஒரு பிடி போட்டாள்.

மூன்று அடை வந்தது. ஓரம் முறுகி, வட்டமாக, பார்க்கவே லட்சணமாக வந்தது. உடைந்தவற்றை ஒரு மூலையில் ஒதுக்கினாள்.

“அக்கா!”

கண்மணி வாசலில் மூடிய தட்டோடு நின்றாள். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு இருந்த வீடு அது. இரஞ்சிதம் பிறந்ததிலிருந்து சுத்த சைவம். கல்யாணமானதும் வேலாயுதமும் மீன் முட்டையை விட்டுவிட்டார். பின்கட்டில் தம்பி வீட்டில் மட்டும் எல்லாம் உண்டு. அந்தப் பக்கத்துப் பாத்திரம் எதுவானாலும் இரண்டு விரலால் வாங்கித் தள்ளி வைப்பதுதான் இரஞ்சிதத்தின் பழக்கம். அதில் எப்போதும் ஏதோ ஒரு வாடை.

“வச்சுட்டுப் போ.”

“சூட்டோட குடுத்துடுங்கக்கா. ஆறிப்போனா அத்தானுக்குப் பிடிக்காது.”

“எனக்குத் தெரியாததா?”

கண்மணி ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். உள்ளேயிருந்து வந்த வறுத்த வாசனை அவள் மூக்குக்கும் போயிருக்கும். ஆனால் ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். அவள் தலை மறைந்ததும் இரஞ்சிதம் அந்தத் தட்டைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். காக்கைகளுக்கு நல்ல காலம்.

வேலாயுதம் உட்கார்ந்தார். முதல் வாய் போட்டவர் மெல்லுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

“என்னங்க? நல்லா இல்லையா?”

“யார் சொன்னா நல்லா இல்லன்னு?”

தட்டில் வைத்த இரண்டையும் துளி விடாமல் தின்றுவிட்டு எழுந்தார். ஆலையைத் திறந்துவிட்டு வருவதாகச் சொல்லிக் காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து போனார். இரஞ்சிதம் மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.

*

நீல மருந்து கொதித்தது.

டாக்டரின் மருந்தகத்தில் முத்துசாமியோடு சேர்த்து நாலு பேரும் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்மணி பட்டுக்கரை போட்ட புதுச் சேலை கட்டியிருந்தாள். அதையும் இரஞ்சிதம் கவனிக்கத் தவறவில்லை. பாராட்டு வாங்கப் போகிறாளாம், பட்டுக்கரை!

“இன்னிக்கு” என்ற சொல்லை இரஞ்சிதம் நாக்கு நுனியிலேயே வைத்திருந்தாள்.

நீலம் பச்சையானது. பச்சை நிற்கவில்லை. மஞ்சள் வந்தது. அதுவும் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயின் அடியிலிருந்து செங்கல் பொடியைக் கரைத்துவிட்டதுபோல் சிவப்பு கிளம்பி மேலே வந்தது.

டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு வேலாயுதத்தின் கால் கட்டை அவிழ்த்தார். விரல் நுனி போன வாரத்தைவிடக் கறுத்திருந்தது.

“என்ன சாப்பிட்டனீங்கள்?”

“வழக்கம்போல அடைதான், டாக்டர்” என்றார் வேலாயுதம்.

“யார் செய்தது?”

“நான்தாங்க” என்றாள் கண்மணி, மெல்லிய குரலில். பாவம், அவள் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரஞ்சிதத்தின் நாக்கு நுனியிலிருந்த சொல் தொண்டைக்குள் இறங்கி, அங்கேயும் நிற்காமல் வயிற்றுக்குப் போய்விட்டது.

“அப்ப இந்த முளையில பிரயோசனம் இல்லை” என்றார் டாக்டர். “முதல்ல நோய்க்குக் கேட்ட மாதிரித் தெரிஞ்சுது, இப்ப கைவிட்டிட்டுது. நான்தான் அவசரப்பட்டு நம்பிப்போனன். இதை இனிக் குடுக்க வேண்டாம்.”

“அப்போ விரல்?” என்று முத்துசாமி கேட்டான்.

“விரலை எடுக்க வேணும். விரலோட போனால் நல்லது. கால் வரைக்கும் விட்டால் உயிருக்கு நான் பொறுப்பில்லை. பின்னேரம் அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வந்து கட்டுப் போடுறன், ஆஸ்பத்திரிக்குக் கடிதமும் தாறன். நாளைக்குக் காலமை போய்ச் சேருங்கோ.”

இப்படிச் சொன்னால் நீங்கள் இரஞ்சிதத்தை மன்னிக்க மாட்டீர்கள். ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த நேரத்தில் அவள் பார்த்தது கணவனின் விரலை அல்ல. கண்மணியின் முகத்தை. அது வெளுத்துச் சுருங்கி, பட்டுக்கரைச் சேலைக்கு மேலே ஒரு பத்து வயது கூடித் தெரிந்தது. ஏழு நாளாக எதிர்பார்த்த முகம் அதுதான். வேறு வழியாகக் கிடைத்துவிட்டது. மருந்தகத்திலிருந்து வீடு வரும்வரை, ரிக்‌ஷாவில் உட்கார்ந்து, அந்த முகத்தை நினைத்து இரஞ்சிதம் சந்தோஷப்பட்டாள். முழுசாகவே சந்தோஷப்பட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேலாயுதம், “நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து அஞ்சு விரலோட நடந்தாச்சு. நாலோட எப்படி இருக்குமோ” என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. அவர் கை அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டது.

சந்தோஷம் அந்த இடத்தில் அறுந்தது.

*

பிற்பகல் மூன்று மணி. வேலாயுதம் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். முத்துசாமி ஆலைக்குப் போயிருந்தான். இரஞ்சிதம் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

சொல்லாவிட்டால் நாளைக்கு விரல் போகும். சொன்னால் மானம் போகும். அதுவும் யாரிடம்? புருஷனிடம் சொல்லிவிடலாம், காலில் விழுந்துவிடலாம். டாக்டர் ஏசினால் ஏசிவிட்டுப் போகிறார். ஆனால் கண்மணி இதைக் கேட்பாளே! கேட்டு ஆயுசுக்கும் வைத்திருப்பாளே! அக்கா செய்த அடையில் அத்தான் விரல் போக இருந்தது என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லமாட்டாள் என்பது என்ன நிச்சயம்?

கொல்லைப் பக்கம் ஏதோ கொட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கண்மணி மாட்டுத் தொட்டிக்கு முன் குந்தியிருந்தாள். காலையில் சலித்த முளையைக் கூடையோடு சாய்த்துக்கொண்டிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

“கொட்டாதே” என்றாள் இரஞ்சிதம்.

“இதுக்கு இனிமே என்னக்கா வேலை? மாடாவது தின்னட்டும்.”

“கொட்டாதேங்கறேன்ல!”

கண்மணி திரும்பிப் பார்த்தாள். இரஞ்சிதம் தொட்டியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கண்ணைப் பார்த்துச் சொல்லுகிற தைரியம் இல்லை.

“இன்னிக்கு அவர் சாப்பிட்டது உன் அடை இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“நான் செஞ்சது. உன்னோடதைக் காக்காய்க்குப் போட்டுட்டேன்.”

கண்மணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மெதுவாக எழுந்து நின்றாள்.

“அதுல என்ன போட்டீங்க?”

“ஒட்டலை. உதிர்ந்து உதிர்ந்து போச்சு. ஒரு பிடி பச்சரிசி மாவு போட்டேன்.”

“அரிசி மாவா?” கண்மணியின் குரல் உயர்ந்தது. “ஏன்க்கா, உங்களுக்கு அறிவு வேணாம்? சோத்தை நிறுத்திட்டு அதையே அரைச்சுக் குடுத்தீங்களா? விரலை வெட்டணும்னு அந்த மனுஷன் சொல்றாரு, நான் பழியைத் தலையில வாங்கிட்டு நிக்கிறேன், பக்கத்துல கல்லு மாதிரி நின்னீங்களே! ஒரு வார்த்தை வாய்ல வரலையா?”

“இப்ப வந்துடுச்சுல்ல?”

“விரல் போனப்புறம் வந்திருந்தா?”

பதில் இல்லாதபோது கோபம் வருவது மனுஷ சுபாவம்.

“உன்கிட்ட எப்படி ஒட்டுது? அதைச் சொல்லேன். மூணு வாரமா எனக்கு ஒரு தடவை காட்டிக் குடுத்தியா? காட்டிக் குடுத்திருந்தா எனக்கு ஏன் அரிசி மாவு?”

“முட்டை போட்டா ஒட்டிக்கும்...” என்று ஆரம்பித்த கண்மணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இரஞ்சிதம் தொட்டியை விட்டு ஒரு அடி முன்னால் வந்தாள்.

“முட்டையா?”

“அக்கா...”

“எத்தனை நாளா?”

“முதல் நாள்லேருந்து” என்றாள் கண்மணி. “அத்தானுக்குத் தெரியும். அவருதான் சொல்ல வேணாம்னாரு. உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுடும்னாரு. மருந்துதானேக்கா!”

மருந்துதான். அதில் இரஞ்சிதத்துக்குச் சந்தேகமில்லை. உயிருக்கு முன்னால் முட்டை என்ன பெரிசு, கேட்டிருந்தால் அவளே கண்ணை மூடிக்கொண்டு உடைத்துப் போட்டிருப்பாள். அவளைச் சுட்டது முட்டை அல்ல. பத்தொன்பது வருஷமாக அவளிடம் ஒளிக்காதவர் மூன்று வாரமாக ஒளித்திருக்கிறார். கண்மணியோடு சேர்ந்து ஒளித்திருக்கிறார். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தத் தட்டை இவளே வாங்கி இவளே பரிமாறும்போது, அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இந்த வீட்டில் இருந்திருக்கிறது. அது அவள் நெஞ்சில் நெருப்பாக எரிந்தது. சற்றுமுன் வந்திருந்த வெட்கமெல்லாம் அந்த நெருப்பில் பொசுங்கிப்போயிற்று.

“ரொம்ப நல்லது” என்றாள். “நல்லாப் பாத்துக்கிட்டீங்க என்னை.”

வாசலில் டாக்டரின் குதிரை வண்டி வந்து நின்றது. சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகவே வந்துவிட்டார்.

*

கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டாக்டர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். எழுதி மடித்தே கொண்டுவந்திருந்தார்.

கண்மணி கட்டிலின் கால்மாட்டில் நிற்க, இரஞ்சிதம் முன்னால் வந்து நின்றாள். மூச்சு விடாமல் சொன்னாள். அடை தான் செய்தது, அரிசி மாவு போட்டது, மருந்தகத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் செய்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. அறையில் இருந்த யாருக்கும் அது சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

“சிவசிவா!” என்றார் டாக்டர். “அம்மா, உங்களை நம்பித்தானே இவருடைய உயிரை வீட்டில விட்டிருக்கிறன். ஒரு விரலை வீணாய் வெட்டியிருப்பமே!”

“தப்புத்தான், டாக்டர்.”

“முளையில பிழை இல்லையெண்டால் கடிதத்தைக் கிழிக்கலாம். அஞ்சு நாள் பொறுத்துப் பாக்கலாம்.” அவர் கடிதத்தைக் கிழிக்கப் போனவர் கையை நிறுத்தினார். நெற்றி சுருங்கியது. “எத்தினை அடைக்கு ஒரு பிடி போட்டனீங்கள்?”

“மூணுக்கு. அவர் ரெண்டுதான் சாப்பிட்டாரு.”

“ரெண்டு அடையில அரைப்பிடியைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான்.” டாக்டர் தலையை ஆட்டினார். “எனக்கு இது விளங்கேல்லை. அதுக்கு மஞ்சளாகும், மிஞ்சிப்போனால் தோடம்பழம், ஆரஞ்சு நிறம் வரும். நான் பாத்தது செங்கல். அந்தச் சிவப்பு வர வேணுமெண்டால் கோப்பை நிறையச் சோறு உள்ள போயிருக்க வேணும்.”

எல்லோரும் வேலாயுதத்தைப் பார்த்தார்கள். வேலாயுதம் கட்டிலுக்கு மேலே இருந்த கொசுவலையைப் பார்த்தார்.

“முதலாளி, உண்மையைச் சொல்லுங்கோ. இது விரல் விஷயம். ஒளிச்சால் இந்தக் கடிதம் இப்பவே உங்கட கைக்கு வரும்.”

“நான் என்ன பண்ணுவேன், டாக்டர்!” பெரிய மனுஷரின் குரல் சட்டென்று கம்மியது. “மூணு வாரமாச்சு ஒரு பருக்கை பாத்து. காலையில இவ அடையில அரிசி வாசனை வந்துச்சு. முதல் வாயிலயே தெரிஞ்சுடுச்சு. சொன்னா நிறுத்திடுவான்னு சொல்லாம தின்னேன்.”

“அதைக் கேக்கேல்லை. சோறு எங்க சாப்பிட்டனீங்கள்?”

இரஞ்சிதம் திகைத்தாள். அவள் அடுப்பில் சோறு கொடுக்கவில்லை. கண்மணியின் முகத்தைப் பார்த்தாள், அங்கேயும் அதே திகைப்பு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்புத்தான் என்று இவர்கள் இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது அடுப்பு ஒன்று எங்கேயோ எரிந்துகொண்டிருக்கிறது. அவளை அறியாமலே அவள் கை கண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டது. கண்மணியும் இறுக்கிப் பிடித்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு பக்கமாக நின்றது அப்போதுதான்.

“சொல்லுங்க” என்றாள் இரஞ்சிதம்.

“காண்டாங் கிர்பாவ் சந்தைப் பக்கத்துல...” வேலாயுதம் தரையைப் பார்த்துச் சொன்னார். “நம்ம மூட்டை வண்டி ஓட்டிட்டிருந்து செத்துப்போனானே அப்துல் கஃபார், அவன் பெண்சாதி ஜைனப். தேங்காய்ப்பால்ல சோறு ஆக்கி, நாசி லெமாக் விக்கிறா. ஆலைக்குப் போற வழிதான். ஆறேழு நாளா. இன்னிக்குக் காலையிலயும்.”

“அதுதான் புண் கறுத்துப்போய்க் கிடக்குது!” என்றார் டாக்டர். கடிதத்தைக் கிழிக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. சட்டைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். “அஞ்சு நாள். ஒரு பருக்கை உள்ள போனால் இதே கடிதம்.”

விரல் தப்புவதற்கு வழி பிறந்துவிட்டது. இரஞ்சிதம் ஆறுதலாக மூச்சு விட வேண்டிய இடம். ஆனால் அவள் மனசு விரலில் நிற்கவில்லை. ஜைனப் என்ற பெயரில் போய் நின்றது. புருஷன் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சின்ன வயசு. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று அவள் உதட்டுக்கு வந்துவிட்டது. டாக்டருக்கு முன்னால் எப்படிக் கேட்பது என்று ஒரு கணம் தயங்கினாள்.

“கடையில நின்னு சாப்பிட்டீங்களா? இல்ல, வீட்டுக்குள்ள கூப்பிட்டு உக்கார வச்சு அவ பரிமாறினாளா?”

அதே கேள்வி. ஒரு சொல் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் கேட்டது இரஞ்சிதம் அல்ல.

கேட்டவள் கண்மணி. கண் நிறைந்திருந்தது. கட்டியவள் கேட்கிற உரிமையோடு, கட்டியவளுக்கு வருகிற கோபத்தோடு அவள் வேலாயுதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தான் என்ன கேட்டுவிட்டோம் என்பது அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

வேலாயுதம் மறுபடியும் கொசுவலையைப் பார்த்தார். டாக்டர் தன் பெட்டியைத் திறந்து அதற்குள் எதையோ தேடுவதில் மும்முரமானார்.

இரஞ்சிதம் பிடித்திருந்த கையை விட்டாள். இத்தனை வருஷம் தன் பொறாமைக்குத் தானே வெட்கப்பட்டிருக்கிறாள், இல்லாததை நினைத்துப் புழுங்குகிறோமோ என்று கோயிலில் விழுந்து அழுதிருக்கிறாள். இல்லாதது அல்ல, இருந்ததுதான்.

முகத்தைத் திருப்பிக்கொள்ள வாசல் பக்கம் பார்த்தாள். உடம்பெல்லாம் கோதுமை மாவு படிந்திருக்க, ஆலையிலிருந்து வந்த முத்துசாமி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அண்ணனைப் பார்க்கவில்லை. தன் மனைவியின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.